பெட் பாட்டில் கரியை வைத்து சாயத்தண்ணியைச் சுத்தம் செய்வது திருப்பூருக்கு ஒத்துவருமா?

கரிமச்சங்கிலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வேதியியலில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் கழிவை ஆக்டிவேட்டட் கார்பனாக, அதாவது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைக் கரியாக மாற்றி, சாயக்கழிவு நீரின் நிறத்தை அதைக்கொண்டு எடுக்க முடியுமா என்பதுதான் நான் எடுத்திருக்கும் வேலை. சுத்திகரிப்பு நிலையம், கார்பன் ஆலை, பழைய பொருள் வியாபாரம் என்று நேரடியாகத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகிற வேலையாக இது ஆகிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் எடையில் 62.5 சதவீதம் கார்பன். அதன் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் இருப்பதால், காற்றுப் புகாமல் நைட்ரஜனில் சூடாக்கினால் மொத்தமும் ஆவியாகிவிடுவதில்லை. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சிதையும்போது, போட்ட எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரியாக மிஞ்சுகிறது. அந்தக் கரியை நீராவியிலோ கார்பன் டை ஆக்சைடிலோ 800 முதல் 900 டிகிரியில் வைத்தால், அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து சுட்டால், உள்ளே நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியில் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேலான பரப்பு கிடைத்ததாக ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. நான் செய்த கரித்தூளை, ஆய்வுக்கூடங்களில் சோதனைக்கு வைத்திருக்கும் மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் போட்டுக் குலுக்கி வடிகட்டினால், தண்ணீர் நிறமே இல்லாமல் இறங்குகிறது.

உண்மையான சாயத்தண்ணியில் இது எந்த இடத்தில் உதவும்? எந்தப் பிளாஸ்டிக்கை எடுத்தால் நியாயமாக இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயத்தண்ணி

தம்பி, நான் பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஆப்பரேட்டர். நல்ல வேலையத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா மெத்திலீன் நீலத்த வெச்சுக்கிட்டு இங்க வராதீங்க. பனியன் துணிக்கு அந்தச் சாயத்த யாரும் போடறதில்ல. இங்க ஓடறது பெரும்பாலும் பருத்தியோட வேதிப்பிணைப்பா ஒட்டற ரியாக்டிவ் சாயம். அது நூல்ல ஏறணும்னா உப்பு வேணும், சோடா வேணும். போட்ட சாயம் முழுசும் துணியில பிடிக்காது, மிச்சம் தண்ணியோட எங்ககிட்ட வருது. உப்பு கிட்டத்தட்ட மொத்தமும் வருது.

எங்க நிலையத்துல நடக்கறத சொல்றேன். பட்டறையில இருந்து தண்ணி பைப்ல வந்து சமன் தொட்டியில விழும். அப்புறம் பயாலஜிக்கல், அதுக்கப்புறம் செட்லிங், மணல் ஃபில்டர், நிறம் எடுக்கற ரெசின், கடைசியா ஆர்.ஓ., அதாவது சவ்வு வழியா அழுத்தி உப்பப் பிரிக்கறது. ஆர்.ஓ.ல வர்ற நல்ல தண்ணி திரும்பப் பட்டறைக்குப் போயிரும். உப்பு செறிஞ்ச மிச்சத் தண்ணிய ரிஜெக்ட்னு சொல்வோம், அது எவாப்ரேட்டருக்குப் போகும். அங்க தண்ணி ஆவியாகி உப்பு இறங்கும். சோடியம் சல்ஃபேட் உப்பு சுத்தமா இறங்குனா பட்டறைக்காரங்களே திரும்ப வாங்கிக்குவாங்க. கடைசில மிஞ்சறதுதான் கலப்பு உப்பு. பழுப்பும் கருப்புமா, கையில எடுத்தா விரல்ல சாயம் ஒட்டும். அத மூட்டை பிடிச்சு ஷெட்டுல அடுக்கி வெச்சிருக்கோம். கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்ல.

ஊர்ப் பிரச்சினையோட வேர் நிறம் இல்ல தம்பி, உப்பு. நொய்யல் ஆத்துப் பாசன விவசாயிகளோட ஆயக்கட்டுதாரர் சங்கம் போட்ட வழக்குல 2006-ல ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுன்னு ஆச்சு. அது நடக்காததால 2011 ஜனவரி 28-ல ஐகோர்ட்டு எல்லா சாய, சலவைப் பட்டறையையும் மூடச் சொல்லுச்சு. அந்த வருசம் ஊர் எப்படி இருந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். கார்பன் உப்பத் தொடாது. அத மனசுல வெச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க.

வேதிடீச்சர்

சாயத்தண்ணி சொன்னதோடு சேர்த்து இதையும் குறித்துக்கொள், கரிமச்சங்கிலி. நான் கல்லூரியில் இயற்பிய வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 320. தட்டையான வடிவம், நேர்மின்சுமை. எந்தக் கரியும் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் எல்லா ஆய்வுக்கூடத்திலும் அதையே வைத்து அளக்கிறார்கள். கருப்புத் துணிக்குப் பரவலாகப் புழங்கும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தின் எடை 991. அதற்கு எதிர்மின்சுமை. உன் கரியின் மேற்பரப்பிலும் ஆக்சிஜன் தொகுதிகள் நிறைய இருந்து எதிர்மின்சுமை ஏறியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

அடுத்தது துளையின் அளவு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவான துளைகள்தான் கிடைக்கும். பரப்பளவை அளக்கப் பயன்படுத்தும் நைட்ரஜன் மூலக்கூறு அதற்குள் தாராளமாகப் போய் வரும். பெரிய சாய மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும். ஆள் நுழையும் திட்டிவாசலில் மாட்டுவண்டியை ஓட்ட முடியாது, அதே கதைதான். ஆகவே ‘கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர்’ என்ற எண்ணை மட்டும் காட்டி யாரையும் நம்பவைக்கப் பார்க்காதே. 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள இடைத்துளைகள் எவ்வளவு என்று காட்டு. நீராவியில் கூடுதல் நேரம் வைத்தால் துளைகள் அகலும், ஆனால் கரி எரிந்து எடை குறையும். எதை இழந்து எதைப் பெறுகிறாய் என்பதுதான் உன் ஆய்வின் மையமாக இருக்க வேண்டும்.

ஒன்று முக்கியம். பட்டறையில் இருந்து வரும் சாயம் பாக்கெட்டில் இருந்த சாயம் இல்லை. சோடாவும் சூடும் பட்டு, துணியில் ஏறாத சாயம் நீராற்பகுப்பு அடைந்திருக்கும், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து உருமாறியிருக்கும். பிளாக் 5-ல் இரண்டு சல்ஃபேட் தொகுதிகள் கழன்று, நான்கு எதிர்மின்சுமை இரண்டாகக் குறைந்திருக்கும். அது கரியில் ஒட்டும் விதமே வேறு. சாயத்தைக் காரத்தில் காய்ச்சி நீராற்பகுத்த பிறகு சோதனை செய்.

ஒரத்துப்பாளையம்

நான் விவசாயிங்க. டீச்சரம்மா சொல்ற கணக்கெல்லாம் எனக்குப் புரியற அளவுக்குப் புரியுது. நான் கேக்கறது ரெண்டே விசயம்.

எங்க பக்கத்துல 1992-ல அணை கட்டுனாங்க, பாசனத்துக்குன்னு. அதுல வந்து நின்னது சாயத்தண்ணிதான். கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கும். தென்னை மட்டை தீஞ்சு தொங்கும், குரும்பை கொட்டிப்போகும். இந்தக் கரிய வாங்கி கெணத்துல போட்டா ஏதாவது ஆகுமாங்க?

ரெண்டாவது, கரி சுடறதுன்னாலே எங்களுக்கு பயம். காங்கேயம், பல்லடம் பக்கம் தேங்காத்தொட்டி (சிரட்டை) சுட்டு, தண்ணி ஊத்தி அணைச்சு, அந்தத் தண்ணி நெலத்துல இறங்கி கெணறு நிறம் மாறிப்போச்சுன்னு சனம் எத்தனை போராட்டம் பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தொட்டி சுட்டதுக்கே அப்படின்னா, பிளாஸ்டிக்க சுட்டா என்ன ஆகும்? தண்ணிய சுத்தம் பண்றேன்னு சொல்லி காத்தக் கெடுத்துறாதீங்க.

தொட்டிக்கரி

ஒரத்துப்பாளையம் அண்ணா, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஆகாது. உங்கள் கிணற்றில் இருப்பது கரைந்த உப்பு. சோடியமும் குளோரைடும் கார்பனில் ஒட்டாது. யாராவது கரி மூட்டையைக் கொண்டுவந்து விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி மிக நியாயமானது. நான் தேங்காய்த் தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். குழியில் போட்டுத் திறந்தவெளியில் சுடுவதும், மூடிய சூளையில் சுட்டு அந்த வாயுவை மறுபடி எரித்துக் கொதிகலனுக்கு விடுவதும் ஒன்றல்ல. உங்கள் ஊரைக் கெடுத்தது முதல் வகை. பிளாஸ்டிக்கை முதல் வகையில் யார் சுட்டாலும் நானே வந்து உங்களோடு நின்று தடுப்பேன்.

தம்பிக்குத் தொழில் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். தொட்டி ஏறக்குறைய மூன்று பங்கு போட்டால் கரி ஒரு பங்கு. கரி மூன்று பங்கு போட்டால் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பங்கு. ஆக 100 கிலோ தொட்டிக்கு 10 கிலோ கார்பன், கொஞ்சம் முன்னே பின்னே. உங்கள் பெட் 100 கிலோவுக்கு 20 கிலோ கரி. நீராவியில் பாதி போனால் அதே 10 கிலோ. விளைச்சலில் தொட்டிக்குக் கீழே இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கே ஆர்வம் வந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தொட்டி சூட்டில் உருகாது. உடைத்த அளவிலேயே கரியாகும், கல் மாதிரி கடினம். அதனால்தான் ஃபில்டரில் கொட்டி வருடக்கணக்கில் ஓட்ட முடிகிறது. பெட் 250 டிகிரியிலேயே உருகி, நுரைத்து, சூளைச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஆறியதும் சுரண்டி எடுத்தால் விரலால் நசுக்கினாலே தூளாகும். கிரானுல் (குருணை) கிடைக்காது, பவுடர்தான். பவுடர் என்றால் தண்ணியில் கலக்கி, பிறகு வடிகட்டி ஸ்லட்ஜாக, அதாவது சேறாக எடுக்க வேண்டும். பிடித்த சாயத்தை நீக்கித் திரும்ப உயிரூட்டுவது கடினம்.

இன்னொன்று, கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துபோகிற சங்கதி. பெட் சிதையும்போது டெரிஃப்தாலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் ஆவியாகிப் பறக்கும். குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் திரவமாகாமல் நேராக வெள்ளைப் பொடியாகப் படியும். ஆய்வுக்கூடக் குழாயில் அது அழகான படிகமாகத் தெரியும். ஆலையில் அதுவே வாயுப்பாதையை அடைத்து, அழுத்தம் ஏறி, மூடியைத் தூக்கிவிடும். உலை வடிவமைக்கும்போது பாதை முழுவதையும் சூடாகவே வைத்து வாயுவை எரியூட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தீர்க்காமல் யாரும் டன் கணக்கில் செய்ய முடியாது.

பழையகடை

நாங்க மூணு தலைமுறையா பழைய சாமான் கடைங்க. ஒரு சங்கதி சொல்றேன். வெள்ளை பெட் பாட்டிலுக்கு இன்னிக்கு நல்ல விலை இருக்கு. அமுக்கி பேல் போட்டா லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும். அது ஃப்ளேக்ஸாகி, நூலாகி, திரும்பத் துணியாத்தான் வருது. அதப் போயி கரியாக்கறது நல்லதச் சுட்டுக் கெட்டதாக்கற மாதிரி. எங்கள மாதிரி ஆளுங்க பிழைப்பும் போகும்.

நீங்க எடுக்க வேண்டியது யாரும் எடுக்காத பெட். கேக்கு, பழம் வெச்சு விக்கற டப்பா, முட்டை ட்ரே, கலர் பாட்டில், எண்ணெய் ஊறுன பாட்டில், கழுவற இடத்துல மிஞ்சற பொடி. இதுக்கெல்லாம் எங்ககிட்ட விலை இல்ல, குப்பை வண்டிக்குத்தான் போகுது.

ஆனா ஜாக்கிரதையா இருக்கணும். பாட்டில் மேல சுருக்கி ஒட்டற லேபிள்ல பிவிசி உண்டு. சில டப்பாவே பிவிசிதான். கண்ணால பாத்தா பெட்டும் பிவிசியும் ஒண்ணு மாதிரி பளபளன்னு இருக்கும். தண்ணில போட்டா மூடி மிதக்கும், பெட் முங்கும், பிவிசியும் முங்கும். அதனால தண்ணி வெச்சுப் பிரிக்க முடியாது. செம்புக் கம்பியப் பழுக்கக் காச்சி பிளாஸ்டிக்ல தொட்டு, திரும்ப அடுப்புல காட்டுங்க. தீ பச்சையா எரிஞ்சா பிவிசி. ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு துணுக்குக்கு மேல காட்டாதீங்க.

வேதிடீச்சர்

பழையகடை சொன்ன செம்புக் கம்பிச் சோதனையைக் கல்லூரியில் பெயில்ஸ்டைன் சோதனை என்று நடத்துவோம். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். 250 டிகிரியைத் தாண்டினாலே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கழன்று வரும். இரும்பு உலையை அரிக்கும், மூச்சுக்கு விஷம். கரிமப்பொருளும் குளோரினும் சேர்ந்து அரைகுறையாக எரியும் இடத்தில் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும் வாய்ப்பும் உண்டு. அதனால் உள்ளே போகும் சரக்கில் பிவிசி கலக்காமல் பார்ப்பதுதான் இந்த வேலையின் பாதி.

கரிமச்சங்கிலி

ஒவ்வொரு பதிலும் எனக்குப் பாடமாக இருக்கிறது, நன்றி. கேரி பேக், பிஸ்கட் உறை இவற்றை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது அல்லவா? அவற்றைத்தான் யாரும் எடுப்பதில்லை. பாலிஎத்திலீனில் கார்பன் 86 சதவீதம், பெட்டைவிட அதிகம். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

வேதிடீச்சர்

கார்பன் அதிகம் இருக்கிறது, ஆனால் கரியாக நிற்காது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டையும் வாயு வெளியேற வழிவிட்டுச் சூடாக்கினால் சங்கிலி அறுந்து மெழுகாகவும் எண்ணெயாகவும் வாயுவாகவும் போய்விடும். உலையின் அடியில் பார்த்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது. தெர்மாகோலும் அப்படித்தான், ஸ்டைரீனாகப் பறந்துவிடும்.

வழிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் விலாஸ் போல், பிளாஸ்டிக் பைகளை மூடிய கலத்தில் அடைத்து 700 டிகிரிக்குச் சூடாக்கினார். வெளியே போக வழியில்லாமல் தன் வாயுவின் அழுத்தத்திலேயே அது சிதைந்து கார்பன் உருண்டைகளாக மாறியது. கோபால்ட் அசிட்டேட் சேர்த்தபோது கார்பன் நானோகுழாய்கள் கிடைத்தன. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2020-ல் மின்சாரத்தைப் பாய்ச்சி நொடிக்கும் குறைவான நேரத்தில் 3,000 கெல்வின் அளவுக்குச் சூடேற்றி, பிளாஸ்டிக் உட்படப் பல கழிவுகளைக் கிராஃபீன் ஆக்கிக் காட்டியது. கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் பாலிஎத்திலீனும் கரி தரும்.

எல்லாம் அருமையான வேதியியல். ஆனால் ஒரு நகரத்தின் சாயத்தண்ணிக்கு வேண்டியது டன் கணக்கில் மலிவான கரி. உயர் அழுத்தக் கலமும் கோபால்ட்டும் கந்தக அமிலக் கழிவும் அந்தக் கணக்கில் அடங்காது. நானோகுழாய் செய்தால் அதை பேட்டரிக்கு விற்கலாம், சாயத்தண்ணியில் கொட்டுவது வீண். நீ பெட்டோடு நில்.

வெட்டுத்துண்டு

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நீங்கள் பாட்டிலையே பேசுகிறீர்கள். பாலியஸ்டர் என்பதும் பெட்தானே? இங்கே தினமும் மேசையடியில் விழும் கட்டிங் வேஸ்ட்டைப் பாருங்கள். சுத்தப் பருத்தி வேஸ்ட்டுக்குப் போட்டி போட்டு வருவார்கள், திரும்ப நூலாகப் போகும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துண்டு, அதிலும் இழுபடும் லைக்ரா இழை ஓடின துண்டு என்றால் யாரும் சீந்துவதில்லை. கொதிகலனில் எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாயத்தண்ணி வருகிற அதே ஊரில், அதே துணியிலிருந்து வருகிற கழிவு இது. இதைக் கரியாக்க முடியாதா?

தொட்டிக்கரி

இதுதான் இந்த இழையில் வந்ததிலேயே நல்ல யோசனை! பருத்தி உருகாது. தன் இழை வடிவத்திலேயே கரியாகும். பாலியஸ்டர் உருகினாலும் அந்தப் பருத்தி எலும்புக்கூடு அதைத் தாங்கிப் பிடிக்கும், சுவரில் அப்புவது குறையும். இதேபோல பெட் தூளைத் தொட்டித்தூளுடன் கலந்தும் பார்க்கலாம். டீச்சர் என்ன சொல்கிறீர்கள்?

வேதிடீச்சர்

சரியான திசை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. லைக்ரா பாலியூரித்தேன் வகை, அதில் நைட்ரஜன் இருக்கிறது. உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயு வெளியேறலாம். வெளியேறும் வாயுவை முழுமையாக எரிக்காமல் இந்தச் சரக்கைத் தொடவே கூடாது, ஆய்வுக்கூடத்திலும் சரி. இன்னொன்று, துணியில் ஏற்கெனவே சாயமும் பிரிண்டிங் பேஸ்ட்டும் இருக்கும். சில சாயங்களில் செம்பு உண்டு. பிரிண்ட் ரப்பரில் பிவிசி இருக்கலாம். பிரிண்ட் போடாத துண்டுகளிலிருந்து ஆரம்பி.

யாழ்கிணறு

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட சுன்னாகப் பக்கத்தில மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கி, கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2019-ல எங்கட நாட்டு உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) இழப்பீடு குடுக்கச் சொன்னது. எண்ணெய்க்கு இந்தக் கரி உதவுமோ? அதோட, தோட்டங்களுக்குப் போடுற உரத்தால எங்கட தண்ணியில நைத்திரேற்றும் கூட. அதையும் எடுக்குமோ, அண்ணை?

தொட்டிக்கரி

எண்ணெய்க்கு உதவும், தம்பி. கரைந்திருக்கும் எண்ணெய்ப் பொருட்களை, குறிப்பாக பென்சீன் வகைகளை, கார்பன் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மிதக்கும் எண்ணெயை முதலில் தனியாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரியின் துளை வாயெல்லாம் அடைபட்டுப்போகும். நைட்ரேட்டைக் கார்பன் எடுக்காது. குழந்தைப் பாலுக்கு அந்தத் தண்ணீரைக் கரி ஃபில்டரை நம்பிப் பயன்படுத்த வேண்டாம். குடிநீர் என்று வந்துவிட்டால் பிளாஸ்டிக் கரியே வேண்டாம், சோதித்துத் தேர்ந்த தொட்டிக் கார்பனை வாங்குங்கள். காரணத்தை டீச்சர் சொல்வார்.

வேதிடீச்சர்

காரணம் ஆன்டிமனி என்ற நச்சுத் தனிமம். பெட் தயாரிக்கும்போது ஆன்டிமனி சேர்மத்தை வினையூக்கியாகப் போடுகிறார்கள். பிளாஸ்டிக்கில் ஒரு கிலோவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை தங்கிவிடும். சுடும்போது எடை குறையக் குறைய, பறந்துபோகாத பங்கு கரியில் செறிந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம்தான். அமிலத்தில் கழுவி, கரியிலிருந்து தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று கசிவுச் சோதனை செய்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் பக்கம் போக வேண்டும்.

மஞ்சப்பை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடியில் ஒரு இரும்பு டிரம் வைத்து நாங்களே பாட்டில்களைக் கரியாக்கிச் செடிக்கும் ஃபில்டருக்கும் போடலாமா என்று கேட்கத்தான் வந்தேன். படித்த பிறகு வேறொரு கேள்வி வருகிறது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கரியாக்கித் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், உற்பத்தி செய்கிறவர்களுக்கு அதுவே ஒரு சாக்காகிவிடாதா?

தொட்டிக்கரி

டிரம் வேலையை தயவுசெய்து செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும். அதோடு பென்சீன் வரும். டிரம்மில் 850 டிகிரியை எட்டவே முடியாது, அந்தச் சூடு இல்லாமல் அது வெறும் கரிதான், ஃபில்டருக்கு ஆகாது.

வேதிடீச்சர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கே போதும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் மிஞ்சியிருக்கும் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம், அதில் 5 கிலோ சாயம் இருக்கும். ஒரு கிராம் கரி 50 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால் 100 கிலோ கரி வேண்டும். அதற்கு ஒரு டன் பெட், அதாவது 25 கிராம் பாட்டில் என்றால் 40,000. தண்ணீர்ப் பக்கம் இருந்து பார்த்தால் இது தாங்கக்கூடிய கணக்கு. ஆனால் நாடு முழுவதும் வெளியேறும் பிளாஸ்டிக்கைத் தீர்க்க இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவு கரியை வாங்கிப் பயன்படுத்தத் தண்ணீர்ப் பக்கம் இடமே இல்லை. பாட்டில் வாங்காமல் இருப்பதுதான் முதல் வேலை. இது, ஏற்கெனவே குப்பையாகி, வேறு எதற்கும் ஆகாத ஒரு பங்குக்கான வேலை. தடையைத் தளர்த்த இதை யாராவது காரணம் காட்டினால், இந்த ஆராய்ச்சியைச் செய்கிறவர்களே முதலில் மறுக்க வேண்டும்.

சாயத்தண்ணி

டீச்சர் கணக்கப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுது. மொத்தத் தண்ணிக்கும் கரி போட்டா கட்டுப்படியாகாது, ஸ்லட்ஜ் மலை மாதிரி ஏறும். ஆனா ஆர்.ஓ. ரிஜெக்ட் அளவு கம்மி, நிறம் செறிவா இருக்கும். எவாப்ரேட்டர்ல சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். அந்த இடத்துல நிறத்த எடுத்துட்டா, இறங்கற உப்பு வெள்ளையா இறங்கும். வெள்ளை உப்புன்னா பட்டறைக்காரங்க திரும்ப எடுப்பாங்க, ஷெட்டுல மூட்டை அடுக்கற வேலை குறையும். கரி உப்பத் தொடாதுன்னு நான்தான் சொன்னேன். அதுவே இங்க நமக்குச் சாதகம்: சாயத்த மட்டும் எடுத்துக்கிட்டு உப்ப விட்டுரும். அவ்வளவு உப்புத் தண்ணில கரி வேலை செய்யுமா டீச்சர்?

வேதிடீச்சர்

நன்றாகவே வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது! எதிர்மின்சுமை உள்ள சாயத்துக்கும் கரிக்கும் நடுவே இருக்கும் தள்ளுவிசையை உப்பு மறைத்துவிடும். சாயத்தின் கரைதிறனும் குறைந்து, அது தண்ணீரைவிட்டுக் கரியின் மேல் போய் உட்காரவே விரும்பும். பட்டறையில் சாயத்தைத் துணியில் ஏற்ற உப்புப் போடுகிறார்களே, அதே காரணம்தான். கரிமச்சங்கிலி, உன் ஆய்வுக்கான இடம் கிடைத்துவிட்டது.

பிடித்த பிறகு அந்தக் கரியை என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசி. சாயம் ஏறிய பவுடர் கரி அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டி மாதிரி பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்குப் போக வேண்டும், அல்லது சிமென்ட் சூளையில் எரிபொருளாகப் போக வேண்டும்.

தொட்டிக்கரி

பவுடரைப் பசையோடு பிசைந்து குச்சியாகப் பிழிந்து சுட்டால் உருண்டைத் துண்டுகளாக ஃபில்டரில் நிற்கும். அப்படி நின்றால் 800 டிகிரி நீராவியில் திரும்ப உயிரூட்டலாம், ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 சதவீதம் எடை போகும். தம்பி, உங்கள் கரியோடு எங்கள் ஆலைத் தொட்டிக் கார்பனையும் பக்கத்தில் வைத்து அதே தண்ணீரில் சோதியுங்கள். மாதிரி நான் அனுப்புகிறேன். தொட்டிக் கார்பனைவிடக் குறைவாக வந்தால் குறைவு என்றே எழுதுங்கள்.

ஒரத்துப்பாளையம்

உப்பு மூட்டை குறையும்னா அது எங்களுக்கும் நல்லதுதாங்க. மழைக்கு அந்த ஷெட்டு ஒழுகுனா வந்து சேர்றது எங்க நெலத்துலதான். செய்யுங்க தம்பி. உலை வைக்கற இடத்த மட்டும் ஊர்ல கேட்டுட்டு வைங்க.

கரிமச்சங்கிலி

கண்டிப்பாக, அண்ணா. என் திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். கழிவு டப்பா பெட், பிரிண்ட் இல்லாத பாலியஸ்டர்-பருத்தித் துண்டு, பெட்டோடு தொட்டித்தூள் கலந்தது, ஒப்பிட ஆலைத் தொட்டிக் கார்பன், இந்த நான்கு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விட்டுவிடுகிறேன், கழுவும் தண்ணீரே இன்னொரு கழிவாகிறது, நீராவி மட்டும். நிறத்தை ஒரே அலைநீளத்தில் பார்க்காமல் 436, 525, 620 நானோமீட்டர் மூன்றிலும் அளக்கிறேன், கலவைச் சாயம் என்பதால். ஆன்டிமனி, செம்பு, துத்தநாகக் கசிவுச் சோதனை எல்லாவற்றுக்கும் உண்டு. சாயத்தண்ணி அண்ணா, எவாப்ரேட்டருக்குப் போகும் ரிஜெக்ட் மாதிரி கிடைக்குமா?

சாயத்தண்ணி

மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன், கடிதம் கொண்டாந்தா குடுக்கச் சொல்லிட்டார். திங்கக்கிழமை வராதீங்க, ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, தண்ணி வெளிறிப்போய் இருக்கும். வாரக் கடைசில வாங்க, கருப்பு, நேவி ஓட்டறப்ப எடுத்தாத்தான் உண்மையான தண்ணி. ரெண்டு இடத்துல எடுத்துக்கங்க, ஒண்ணு ரிஜெக்ட் தொட்டி, ஒண்ணு எவாப்ரேட்டர் கடைசிக் கட்டம். கடைசிக் கட்டம் கொதிக்கக் கொதிக்க வரும், ஆறுனா பாட்டில்லயே உப்பு கட்டிக்கும். தெர்மாஸ் ஃபிளாஸ்க் எடுத்துட்டு வாங்க.